தாரணிக்கு மட்டும் ஒரு தேர்வு

ஜூலை 3

முதலாமாண்டு பொருளாதார வகுப்பு இன்று தொடங்கியது. அறிமுகப் புள்ளியியல் தாள் இந்த வருடமும் எனக்குத்தான். "கணக்கு வராதுன்னு பயந்து பொருளாதாரம் எடுத்தவங்க கை தூக்குங்க" என்றேன். ஒவ்வொரு வருடமும் கேட்பது. முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். இந்தப் பாடத்தில் கணக்கு கொஞ்சம்தான், மீதியெல்லாம் யோசனை என்று சொன்னதும் முகங்கள் தெளிந்தன.

முதல் பெஞ்சில் தாரணி. என் மகள். வேறு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தும், "உங்க கிளாஸ்ல உக்காரோணும்ங்கப்பா" என்று இங்கேயே சேர்ந்தாள். என் மனைவி வசந்தாமணிக்கும் அதில் நிம்மதி. அப்பாவோடு போய் அப்பாவோடு வந்துவிடுவாள்.

காலையில் கல்லூரி வாசலுக்கு முந்தைய திருப்பத்திலேயே வண்டியை நிறுத்தி அவளை இறங்கச் சொன்னேன்.

"ஏனுங்கப்பா, இன்னும் காலேஜ் வரலீங்களே?"

"இங்கிருந்து நடந்து வா கண்ணு. நாலு பேர் பார்ப்பாங்க."

"பார்த்தா என்னங்க? நான் உங்க புள்ளதானுங்களே."

ஆனால் நடந்துதான் வந்தாள். வகுப்பில் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்: "இந்தக் கிளாஸ்ல எனக்கு உறவுக்காரங்க யாரும் கிடையாது. எல்லாருக்கும் நான் சார்தான்." எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நல்ல தொடக்கம்.

சில வருடங்களுக்கு முன் வணிகவியல் துறையில் ஒருவர் தன் மகனுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார் என்று பேச்சு கிளம்பியது. பொய்யா மெய்யா என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் மனிதர் ஓய்வு பெற்ற அன்று அவருக்கு ஒரு மாலை போட ஆளில்லை. அதை நான் பார்த்திருக்கிறேன்.

மோட்டார் வால்வு ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருகிறேன் என்றார்.

ஜூலை 4

பிளம்பர் வரவில்லை.

ஜூலை 13

சராசரி முடிந்து இடைநிலை அளவு. சராசரி இருக்கும்போது இடைநிலை எதற்கு என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. தாரணி கை தூக்கினாள். வேறு யாராவது தூக்குவார்களா என்று காத்திருந்தேன். தூக்கவில்லை.

"எங்க வீதில எல்லாரும் மாசச் சம்பளக்காரங்க சார். மூலை வீட்டுக்காரர் மட்டும் மில்லு வெச்சிருக்காரு. சராசரி எடுத்தா நாங்க எல்லாருமே கார் வாங்கற மாதிரி வருது. நடுவுல இருக்கறவரக் கேட்டாத்தான் வீதியோட நெலமை தெரியும்."

வகுப்பே சிரித்தது. என் வீதியையே எடுத்துச் சொல்லிவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "சரி, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். வேறொரு மாணவர் சொல்லியிருந்தால் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன் என்பது உண்மை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முபினா அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். இருவரும் முதல் வாரத்திலேயே நெருங்கிவிட்டார்கள்.

ஜூலை 28

பல்லில் கூச்சம். ஐஸ் தண்ணீர் குடிக்கக்கூடாது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தாரணி கேட்டாள். "அப்பா, ஒரு டவுட்டுங்க. திட்ட விலக்கத்துல ஏனுங்க எல்லாத்தையும் வர்க்கப்படுத்தறோம்? மைனஸ் போகோணும்னா சும்மா மைனஸ எடுத்துட்டுக் கூட்டினாப் போதாதுங்களா?"

"கிளாஸ்ல கேளு."

"இங்கயே சொல்லுங்களேன். சாதம் ஆறிப்போறதுக்குள்ள சொல்லீருவீங்க."

"வீட்டுல நான் பாடம் எடுத்தேன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது தாரணி. மத்த பிள்ளைகளுக்கு வீட்டுல யார் இருக்காங்க?"

வசந்தாமணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பெத்த புள்ளைக்கு ஒரு கணக்குச் சொல்லித்தர்றதுல என்னங்க வந்துறப்போவுது?" என்றாள்.

ஆகஸ்ட் 2

தாரணி வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டாள். முதல் பெஞ்சில் எழுந்து நின்று, சார் என்று சரியாகச் சொல்லித்தான் கேட்டாள். நாங்கள் இருவரும் வீட்டிலேயே பேசிவைத்துக்கொண்டு வந்ததுபோல மற்றவர்களுக்குத் தோன்றும் என்று எனக்குப் பட்டது. "அது சிலபஸ்ல இல்ல. உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தாள்.

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பதிலை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். நீ சொல்வதுபோலவும் செய்யலாம். அப்படியும் ஓர் அளவு இருக்கிறது. ஆனால் வர்க்கப்படுத்தினால் தூரத்தில் இருப்பவை கூடுதல் கனம் பெறும். தவிர, வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் இடம்தான் சராசரி. நீ சொன்ன வழியில் கூட்டினால் மிகக் குறைவாக வரும் இடம் இடைநிலை. அதாவது, உன் கேள்விக்குள்ளேயே நீ அன்று சொன்ன வீதியும் இருக்கிறது. மிக நல்ல கேள்வி.

ஆகஸ்ட் 9

முதல்வர் கூப்பிட்டார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். "சீனியாரிட்டில மூணு பேர் இருக்கீங்க. கைசுத்தமான ஆளா வேணும்னு செயலர் சொல்றாரு" என்றார். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. கொடுத்தால் செய்வேன், அவ்வளவுதான்.

வசந்தாமணியிடம் சொன்னேன். "அப்ப வகுப்பு கொறையுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 21

முதல் இன்டர்னல் தேர்வு. வழக்கமாக வினாத்தாளை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுவேன். இந்த முறை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. காலை ஏழு மணிக்குத் துறைக்குப் போய், தனியாக உட்கார்ந்து எழுதி, நானே நகலெடுத்து, பீரோவில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மனசாட்சிக்குத் தெரிந்தால் போதும்.

ஆகஸ்ட் 25

திருத்தி முடித்தேன். தாரணிக்கு ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. அடுத்ததாக வந்தவருக்கு முப்பத்தெட்டு. அவளுடைய தாளை மூன்று முறை பார்த்தேன். ஓரிடத்தில் விடையோடு 'ரூபாய்' என்று எழுதாமல் விட்டிருந்தாள். அதற்கு ஒன்று குறைத்து நாற்பத்தெட்டாக்கினேன். மற்றவர்கள் விட்ட இடத்தில் குறைக்கவில்லைதான். அவர்களுக்கு மதிப்பெண் தேவைப்பட்டது.

ஆகஸ்ட் 28

துறைத்தலைவர் அமலோற்பவம் மேடம் தேநீர் நேரத்தில் தன் கைப்பேசியைக் காட்டினார். முதலாமாண்டு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் ஒரு ஸ்டிக்கராம். ஒரு பெண் குறட்டைவிட்டுத் தூங்குகிறாள். தலையணைக்கு அடியில் வினாத்தாள் எட்டிப்பார்க்கிறது. கீழே, 'எங்க வீட்டு டெலிவரி' என்று எழுதியிருந்தது.

"பசங்க குறும்பப் பாத்தீங்களா சார்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அட, இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வெச்சுக்கறீங்களே. கண்டுக்காதீங்க சார். நாளைக்கு வேற ஸ்டிக்கர் வந்துரும்."

மதியத்துக்கு மேல் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 29

வேறு யாராவது போய்ச் சொல்லும் முன்னால் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று முதல்வரிடம் போனேன். அவருக்கு விஷயமே தெரிந்திருக்கவில்லை. நான்தான் விளக்கினேன். தாரணிக்கு மட்டும் மறுபடி ஒரு தேர்வு வைக்கலாம், அமலோற்பவம் மேடமே வினாத்தாள் எடுத்து அவரே திருத்தட்டும் என்றேன்.

முதல்வர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொந்தப் பொண்ணுக்குங்களா? உங்கள மாதிரி யார் சார் இருக்காங்க" என்றார்.

மேடத்திடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "வேணும்னா மொத்தக் கிளாஸுக்கும் இன்னொரு தேர்வு வெச்சுருவோம் சார். அந்தப் பொண்ண மட்டும் எதுக்குத் தனியாப் பிரிக்கறீங்க?" என்றார். மற்ற பிள்ளைகளைக் காரணமில்லாமல் சிரமப்படுத்துவது நியாயமில்லை என்றேன்.

இதில் தாரணிமேல் எனக்குச் சந்தேகம் என்று எதுவும் இல்லை. சந்தேகம் இல்லாததால்தானே தைரியமாக வைக்கிறேன். அவளுக்குப் பாடம் தெரியும், எழுதிவிடுவாள், பேச்சு அடங்கும்.

ஆகஸ்ட் 30

வகுப்பில் அறிவித்தேன். தாரணியை எழுந்து நிற்கச் சொல்லி, இன்டர்னல் மதிப்பெண் பற்றிச் சில பேச்சுகள் வந்திருப்பதால் வெள்ளிக்கிழமை அவருக்கு மட்டும் மறுதேர்வு நடக்கும் என்றேன்.

"எதுக்குங்க சார்?" என்றாள்.

"காரணத்தச் சொல்லிட்டேன்."

"நான் என்ன பண்ணினேனுங்க சார்?"

"கிளாஸ்ல விவாதம் வேண்டாம். உக்காருங்க."

உட்காரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். நான் ஒட்டுறவுக் கெழு நடத்தி முடித்தேன். திரும்பிப் பார்க்காமல் கரும்பலகையிலேயே இருந்ததால் நிறைய எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

மாலையில் அவள் வண்டிக்கு வரவில்லை. பேருந்தில் வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 31

முபினா துறைக்கு வந்து கதவோரம் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், அந்த ஸ்டிக்கர நான்தான் சார் போட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"சும்மா கலாய்க்கத்தான் சார். போடறதுக்கு முன்னால தாரணிகிட்டயே காட்டினேன். அவதான் 'எங்க வீட்டு டெலிவரி'ன்னு எழுதச் சொன்னா. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுருச்சு. கிளாஸ்ல ஒருத்தருகூட அவ பேப்பரப் பாத்தான்னு நெனைக்கல சார். அவதான் எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுக்கறா. தேர்வு வேண்டாம்னு சொல்லிருங்க சார், ப்ளீஸ்."

அறிவித்ததைத் திரும்பப் பெற முடியாதம்மா என்றேன். முதல்வருக்கும் போய்விட்டது. இப்போது நிறுத்தினால் முதலில் ஏன் சொன்னீர்கள் என்ற கேள்வி வரும்.

"நான் பிரின்சிபால் சார்கிட்ட வந்து சொல்லட்டுங்களா சார்?"

"வேண்டாம்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். நல்ல பெண்தான்.

செப்டம்பர் 1

தேர்வு நடந்தது. நான் வகுப்பு இல்லாவிட்டாலும் மேல்மாடியிலேயே இருந்தேன். துறைப்பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 4

ஐம்பதுக்கு ஐம்பது. மேடம் தாளை என் மேஜையில் வைத்தார். "வேணும்னே கஷ்டமாத்தான் எடுத்தேன் சார். ஒரு மார்க்கூடக் குறைக்க முடியல." உட்காராமல் நின்றபடியே சொன்னார். "எழுதி முடிச்சுக் குடுத்துட்டு ஜன்னல் பக்கமே பாத்துட்டு நின்னா. அழுவாளோன்னு நெனச்சேன். அழல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லாருந்திருக்கும்."

முதல்வருக்குக் காட்டினேன். ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொன்னார். கைதட்டினார்கள். நான் நினைத்தபடியே முடிந்தது.

செப்டம்பர் 8

உத்தரவு வந்துவிட்டது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். புள்ளியியல் வகுப்பு இந்தப் பருவம் முடியும்வரை என்னிடமே இருக்கும்.

மைசூர்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தாரணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை நீட்டினேன். ஒன்று எடுத்தாள்.

"வாழ்த்துக்கள் சார்" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்து, "வீட்டுல என்ன கண்ணு சார்?" என்றேன்.

"பழகிருச்சுங்க சார்."

வசந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். அவளுக்கு இதுவரை எதுவும் தெரியாது. தாரணி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9

வசந்தாமணி முபினாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கடலை எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏனுங்க, என்ற புள்ளைய ஊருக்கு முன்னால நிக்கவெச்சு, அவ திருடி இல்லீன்னு நிரூபிச்சிருக்கறீங்க. அவள ஆருங்க திருடின்னு சொன்னது?"

"பேச்சு வந்துச்சு மணி."

"ஆருங்க பேசினது? ஒரு பேரச் சொல்லுங்க."

எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது, அடுப்பை நான்தான் அணைத்தேன்.

செப்டம்பர் 14

இன்னும் சார்தான்.

செப்டம்பர் 20

கருதுகோள் சோதனை. முதல் வகைப் பிழை: உண்மையாக இருப்பதைப் பொய் என்று தள்ளிவிடுவது. இதற்கு எப்போதும் நீதிமன்ற உதாரணம்தான் சொல்வேன். குற்றம் செய்யாதவரைத் தண்டிப்பது என்றால் எந்தப் பிள்ளைக்கும் உடனே பிடிபடும். இன்று அதைச் சொல்லவில்லை. மூட்டையில் நல்ல கத்தரிக்காயைச் சொத்தை என்று ஒதுக்குவது என்று ஏதோ சொல்லி முடித்தேன். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

தாரணி இப்போது கடைசி பெஞ்ச். முபினாவும் அங்கேயே போய்விட்டாள். இருவரும் பேசுவதைப் பார்க்கிறேன். அவள் முபினாவோடு கோபித்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 6

பல் எடுத்தாயிற்று. இரண்டு நாளைக்குக் கஞ்சிதான். கஞ்சியைத் தாரணிதான் கொண்டுவந்து வைத்தாள். "சூடா இருக்குங்க, பாத்துக் குடிங்க" என்றாள். அதில் சாரும் இல்லை, அப்பாவும் இல்லை.

அக்டோபர் 19

வகுப்பில் யாரும் கேள்வி கேட்பதில்லை. முன்பெல்லாம் இரண்டு மூன்று பேராவது கேட்பார்கள். ஒரு பையனிடம், புரிந்ததா என்று கேட்டேன். "புரிஞ்சுது சார்" என்று அவசரமாகச் சொன்னான். புரியவில்லை என்று சொன்னால் எழுந்து நிற்கச் சொல்லிவிடுவேன் என்று பயப்படுகிறானோ என்னவோ.

நவம்பர் 16

இன்று புள்ளியியல் பருவத்தேர்வு. கட்டுப்பாட்டு அலுவலர் என்ற முறையில் ஒவ்வோர் அறையின் வருகைத்தாளும் மதியம் என் மேஜைக்கு வரும். கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். பொருளாதாரம் முதலாமாண்டில் ஒரேயொரு எண்ணுக்கு எதிரே 'வரவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

காலையில் சீருடை போட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். மற்ற நான்கு தாள்களையும் எழுதியிருக்கிறாள்.

அந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து, "ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"எழுதினா நல்ல மார்க் வருமுங்க. வந்தா மறுபடியும் நிக்கோணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, துணி எடுக்கவேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

டிசம்பர் 11

தாரணி மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். பெற்றோர் கையொப்பம் வசந்தாமணியுடையது. திருச்சியில் வசந்தாமணியின் தம்பி வீட்டில் இருக்கட்டும், அடுத்த ஆண்டு அங்கேயே ஒரு கல்லூரியில் முதலிலிருந்து சேரட்டும் என்று அக்காளும் தம்பியும் பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

"ஒரு வருஷம் வீணாப்போகுமே" என்றேன்.

"போகட்டுமுங்க" என்றாள் வசந்தாமணி.

டிசம்பர் 17

ரயிலடியில் பெட்டியை நான்தான் தூக்கினேன். மேலே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது, "கீழயே வெச்சுருங்க, எடுக்கச் சுலபமா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். வண்டி நகர்ந்ததும் அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கும் சேர்த்துத்தான் இருக்கும்.

ஜனவரி 22

புதிய அறையில் ஏசி இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை. உள்ளே நாள் முழுதும் யாரும் வருவதில்லை. வந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

இதை இங்கே எழுதாவிட்டால் வேறெங்கும் எழுதப்போவதில்லை. அந்த ஸ்டிக்கரைப் பார்த்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அன்று மாலையே அந்தப் பயம் இது ஒரு வாய்ப்பு என்றும் ஆகிவிட்டது. மகளையே விட்டுவைக்காதவன் என்று பெயர் வந்தால் செயலர் வேறு ஆளைத் தேடமாட்டார் என்று தோன்றியது. அப்படி நினைத்தேன் என்பதை அன்றைக்கு இந்தப் பக்கங்களில்கூட எழுதவில்லை. நியாயம் என்று எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 14

தாரணி அம்மாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டேன். அவளுடைய பேச்சு கேட்கவில்லை. வசந்தாமணியின் சிரிப்பு மட்டும் கேட்டது.

ஜூலை 8

தாரணி திருச்சியில் சேர்ந்துவிட்டாள். அங்கேயும் பொருளாதாரமே. விடுதியில் இருக்கிறாள். இங்கே புதிய முதலாமாண்டு வகுப்பைத் துறையில் ஓர் இளைஞருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 24

திருச்சியில் ஒரு கூட்டம். மதியமே முடிந்துவிட்டது. தாரணியின் விடுதிக்குப் போனேன். வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. உடனே கீழே இறங்கி வந்துவிட்டாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். முடியை வெட்டியிருக்கிறாள்.

"வாங்கப்பா" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏதாவது சாப்பிடலாமா என்று கேட்டேன். பக்கத்தில் ஓர் உணவகம் இருந்தது. இரண்டு ரவா தோசை சொன்னாள், எனக்குப் பிடிக்கும் என்று. கல்லூரி எப்படி, விடுதிச் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். புள்ளியியல் எடுப்பவர் ஒரு மேடமாம். நிறையக் கேள்வி கேட்கவிடுவாராம்.

பிறகு அவளே தொடங்கினாள்.

"உங்க மேல இப்ப எனக்குக் கோவம் இல்லீங்கப்பா."

தோசையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன்.

"ரொம்ப நாள் இருந்துச்சு. மாமா வீட்டுல சும்மா இருந்தப்ப யோசிச்சுப் பாத்தனுங்க. கொஸ்டின் பேப்பர எப்பவும் நீங்க வீட்லதான உக்காந்து எழுதுவீங்க. அந்தத் தடவையும் பையிலயோ பீரோவுலயோ இருந்திருக்கும். நானும் அங்கயேதான் சுத்தீட்டிருந்தேன். மார்க்கும் அப்படி வந்துச்சு. ஒரு நிமிஷம் உங்களுக்கும் தோணியிருக்கும், எடுத்திருப்பாளோன்னு. ஆரா இருந்தாலும் தோணுமுங்க. அந்தச் சந்தேகத்துலதான் பரீட்சை வெச்சீங்க. மனுசனுக்குச் சந்தேகம் வர்றது தப்பில்லீங்களே. மன்னிச்சுட்டேன். இதச் சொல்லோணும்னுதான் இருந்தேன்."

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம்தான். இவ்வளவு நாளாக நான் அவளைச் சந்தேகப்பட்டதாக அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறாள்! அந்த முள்ளை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது என்று நினைத்தேன்.

"இல்ல கண்ணு! ஒரு நிமிஷம்கூட எனக்கு அப்படித் தோணல. சத்தியமாச் சொல்றேன். அந்தப் பேப்பர நான் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்ல. பரீட்சை அன்னிக்குக் காலைல டிபார்ட்மென்ட்ல தனியா உக்காந்து எழுதி அங்கயே பூட்டி வெச்சேன். நீ பாத்திருக்கவே முடியாது. அது எனக்கு நல்லாத் தெரியும். முதல்லயே தெரியும்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மலரும் என்று நான் காத்திருந்தேன்.

"முதல்லயேங்களா?" என்றாள்.

"முதல்லயே."

"என்னைய எந்திரிச்சு நிக்கச் சொன்னீங்களே, அப்பவுமுங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. பேச்சைத் திருப்பியிருக்கலாம். முடியவில்லை.

"அப்பவும்தான்" என்றேன்.

கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை தண்ணீரைத் தட்டிவிட்டு அழுதது. அதன் அம்மா அதட்டினாள்.

"சந்தேகப்பட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் தாரணி, தாரணி என்று இரண்டு முறை கூப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தாள். விடுதியில் ஆறு மணிக்குள் இருக்கவேண்டுமாம். பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தாள். கோவைப் பேருந்து எங்கே நிற்கும் என்று கைகாட்டினாள். "பஸ் ஏறுனதும் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணீருங்க. காத்துட்டிருப்பாங்க" என்றாள். திரும்பி நடந்தாள். நடை வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தாள்.

அவளுக்கு அவளே ஓர் அப்பாவை உண்டாக்கி வைத்திருந்தாள். மகளை ஒரு நிமிடம் சந்தேகப்பட்டுவிட்ட அப்பா. அவரை அவளால் மன்னிக்க முடிந்திருந்தது. நான் போய் அவரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25

காலையில் வசந்தாமணி கேட்டாள். "என்னங்க சொன்னா?"

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா."

பொய் இல்லை. அவள் சொன்னாள்.

வசந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக என்னிடம் வேண்டியதற்கு மேல் ஒரு சொல் பேசாதவள், இன்று மூச்சுவிடாமல் பேசினாள். தீபாவளிக்கு வந்துவிடுவாள், பத்து நாள் முன்னாலேயே லீவு விடுவார்களா, முபினாவையும் வரச்சொல்லலாம், அதிரசத்துக்கு மாவு இடிக்கக் கொடுக்கவேண்டும் என்று. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, அவ ரூமுல ஃபேனு ஒரு மாதிரி சத்தம் போடுது. புள்ள தூங்கமாட்டா. இன்னைக்கு ஞாயித்துக்கெழமதான, கொஞ்சம் பாத்து வையுங்க."

சரி என்றேன். பக்கத்து வீட்டில் ஏணி வாங்கிவந்து ஃபேனைக் கழற்றினேன். இறக்கையெல்லாம் தூசி. ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, பேரிங்கில் எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டினேன். போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. வசந்தாமணி கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "அப்பாடா" என்றாள்.